ஐம்பத்து மூன்று ஞாயிறுகள்

1972 அக்டோபர் 2 அன்று பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இன்றைய நவி மும்பையின் சான்பாடா ஆக்ரி மக்களின் கிராமம். நெல்வயலும் உப்பளமும் கழிமுகச் சேறுமாகக் கிடந்த இந்தக் கரையில் புதிய நகரம் எழுப்புவதற்காக சிட்கோ நிறுவனம் அமைக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மான்குர்துக்கும் வாஷிக்கும் நடுவே ரயில் பாலம் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. 1992இல் அந்தப் பாலம் வந்தது. அதன் பிறகுதான் மாட்டுங்காவின் ஒற்றை அறைகளிலிருந்தும் செம்பூரின் வாடகை வீடுகளிலிருந்தும் தாராவியின் சந்துகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வரத் தொடங்கின. இன்று சான்பாடா நிலையத்தில் மாலை நேர ஹார்பர் லைன் வண்டியிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் கைபேசியில் எதையாவது பார்த்துக்கொண்டே இறங்குகிறார்கள். சினிமாவும் கிரிக்கெட்டும்தான் அதிகம். ஆனால் கீழடி அகழாய்வு பற்றிய காணொளியையோ, தமிழில் பேசும் காட்டுவிலங்குப் படத்தையோ பார்த்துக்கொண்டு போகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

டாகுமெண்டரி எங்களிடம் வந்துசேர்ந்த வழி எவ்வளவு மாறிவிட்டது என்பதை அப்போது நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தலைமுறை டாகுமெண்டரியைத் தேடிப்போய்ப் பார்க்கவில்லை. அதுவே எங்களைத் தேடி வந்தது. 1948இல் அமைக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் இதே மும்பையின் பெட்டர் சாலையில் இருந்தது. அங்கே தயாராகும் செய்திப்படமும் குறும்படமும் தமிழ் உட்பட எல்லா முக்கிய மொழிகளிலும் குரல் சேர்க்கப்பட்டு நாடு முழுவதும் போயின. உரிமம் பெற்ற ஒவ்வொரு திரையரங்கும் ஒவ்வொரு காட்சியிலும் அவற்றைக் காட்டியே ஆக வேண்டியிருந்தது. அதற்காக வசூலில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குக் கட்டவும் வேண்டியிருந்தது. கிங்ஸ் சர்க்கிளின் அரோரா திரையரங்கில் தமிழ்ப்படம் பார்க்கப் போனவர்கள், கதாநாயகன் வருவதற்கு முன் பீகார் வெள்ளத்தையும் பக்ரா நங்கல் அணையையும் காந்தாரச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத்தான் படத்துக்குள் நுழைய முடிந்தது. பலர் அந்த நேரத்தில் வெளியே நின்று டீ குடித்தார்கள் என்பதும் உண்மை.

அந்தக் குரலை இன்று நினைத்துப் பார்த்தால் அதன் இறுக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது கேள்வி கேட்காத குரல். அரசு கட்டியதைச் சொன்னது, அரசு திட்டமிட்டதைச் சொன்னது. நெருக்கடிநிலைக் காலத்தில் இருபது அம்சத் திட்டத்தைப் புகழ்ந்தது. இருந்தாலும் அந்த நிறுவனத்துக்குள் ஒரு சாளரம் திறந்திருந்த ஆண்டுகளும் உண்டு. 1967இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி, சுதந்திரம் பெற்ற ஆண்டில் பிறந்த இருபது வயதுக்காரர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து ‘ஐ ஆம் 20’ எடுத்தார். அதே ஆண்டில் எம்.எஃப். ஹுசைன் ராஜஸ்தானில் ஓவியனின் கண் வழியாக எடுத்த படம் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றது. அடுத்த ஆண்டு ஃபாலி பிலிமோரியா எடுத்த ஒடிசா கிராமத்துக் குடும்பத்தின் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அரசுப் பணத்தில், அரசு அலுவலகத்தில், மாதச் சம்பளம் வாங்கியவர்களும் அவர்களுடைய விருந்தினர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

அதற்கு முன்பே அமெரிக்காவில் இந்த வேலையைத் தனியார் தொலைக்காட்சி செய்துகொண்டிருந்தது. என்பிசி 1952இல் இரண்டாம் உலகப் போரின் கடற்போர்களை 26 பகுதிகளாகக் காட்டியது. சிபிஎஸ்ஸின் எட்வர்ட் மரோ 1954 மார்ச்சில் செனட்டர் மெக்கார்த்தியை அவருடைய பேச்சுத் துண்டுகளைக் கொண்டே கேள்விக்குள்ளாக்கினார். வால்டர் கிராங்கைட் 1957 முதல் ஒன்பது ஆண்டுகள் இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றை வாரம் தவறாமல் சொன்னார். அங்கே விளம்பரதாரர் தயவு வேண்டியிருந்தது. இங்கே அமைச்சகத்தின் தயவு வேண்டியிருந்தது. ஆனால் பதவியில் இருப்பவரை நேருக்கு நேர் கேட்கும் அந்த வகைப் படம் நம்மிடம் நெடுங்காலம் வரவேயில்லை. அந்தக் குறையைச் சிறியதாக்கிப் பேச எனக்கு மனமில்லை.

அமெரிக்க ஒளிபரப்பின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய எரிக் பார்னோ கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். அவருடன் சேர்ந்து 1963இல் ‘இந்தியன் ஃபிலிம்’ என்ற நூலை எழுதியவர் ஒரு தமிழர். இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகனான எஸ். கிருஷ்ணசுவாமி, கொலம்பியாவில் படித்த படிப்போடு சென்னை திரும்பிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். சிந்துவெளியிலிருந்து இந்திரா காந்தி வரையிலான இந்திய வரலாற்றை நான்கு மணி நேரப் படமாக 1970இல் முடித்தார். வார்னர் பிரதர்ஸ் அதை வெளிநாடுகளில் விநியோகித்தது. ஐயாயிரம் ஆண்டுகளை நான்கு மணி நேரத்தில் சொல்லத் துணிந்த முதல் இந்தியர் அவர்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரசுச் சம்பளம் இல்லாமல் சென்னையில் இருந்தபடி அதைச் செய்து முடித்தவர் அவர்.

1988 இலையுதிர் காலத்துக்கு வருவோம். அந்த ஆண்டை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதுண்டு. அக்டோபர் 2 அன்று தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற வரலாற்று நிகழ்ச்சி தொடங்கியது. நவம்பரில் ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ வந்தது. நேருவின் நூலை வைத்து ஞாயிறுதோறும் 53 பகுதிகள். ரோஷன் சேத் நேருவாக வந்து பேசுவார், ஓம் புரி கதையை எடுத்துச் சொல்வார். அரசர்களின் சபையும் கிராமத்துக் களமும் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் அரங்கமைக்கப்பட்டவை. தொடக்கத்தில் வன்ராஜ் பாட்டியாவின் இசையில் ரிக் வேதப் பாடல் ஒலிக்கும்.

மாட்டுங்காவில் மகாபாரதம் ஓடும்போது தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அது முடிந்ததும் பாதி வீடுகளில் டிவியை அணைத்துவிடுவார்கள். மீதி வீடுகளில் பெனகலுக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் வீடு இரண்டாவது வகை. ஹிந்தி தெரியாத பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

“யாருடா அது, வழுக்கையா, என்னமோ சொல்லிண்டே இருக்கானே?”

“நேரு பாட்டி. புஸ்தகம் எழுதறார்.”

“எழுதட்டும். நீ சொல்லு.”

அப்படித்தான் அசோகனும் ஹர்ஷனும் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள், ஒரு சிறுவனின் அரைகுறை மொழிபெயர்ப்பில். சங்ககாலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் பெனகல் இரண்டு வாரம் ஒதுக்கினார், சோழர்களுக்கு இன்னும் இரண்டு வாரம். கண்ணகி ஹிந்தியில் நீதி கேட்டாள். அந்த இரண்டு வாரமும் பாட்டிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவளுக்குக் கதை தெரியும். திரையில் வருவதற்கு முன்பே அடுத்தது என்ன என்று அவள் எனக்குச் சொன்னாள்.

தில்லியில் முடிவு செய்து, ஹிந்தியில் எடுத்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்டிய வரலாறு அது. தூர்தர்ஷனை விட்டால் வேறு ஒளிபரப்பு கிடையாது. தமிழ் கேட்க வேண்டுமென்றால் ஞாயிறு மதியத்தில் எப்போதாவது முறை வரும் மாநில மொழிப்படத்துக்குக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்து எண்ணினால் அந்த ஏற்பாட்டை மெச்ச முடியாது. ஆனால் நான் நினைத்துப் பார்ப்பது வேறொன்றை. தாராவியில் பக்கத்து வீட்டு டிவி முன் கூடியவர்களும் மலபார் ஹில்லில் வண்ணப் பெட்டி வைத்திருந்தவர்களும் அந்த இரண்டு வாரமும் ஒரே சோழர்களைப் பார்த்தார்கள். மறுநாள் பள்ளியில் அதைப் பற்றிப் பேச முடிந்தது. வகுப்பில் மராத்திப் பையனும் குஜராத்திப் பையனும் ராஜராஜனைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒரே வாரம் என் பள்ளிக் காலத்தில் அதுதான்.

பாரத் ஏக் கோஜ் ஓராண்டில் முடிந்தது. அந்த இடத்தைத் தொடர்ந்து நிரப்ப ஒரு நிரந்தர ஏற்பாடு உருவாகவில்லை. ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ ஒவ்வோர் ஆண்டும் புதிய படங்களோடு வந்துகொண்டே இருந்தது. அங்கே அறிவியலுக்கு ‘நோவா’ 1974 முதலும் நடப்பு அரசியல் விசாரணைக்கு ‘ஃப்ரன்ட்லைன்’ 1983 முதலும் அதே போல ஓடின. 1990 செப்டம்பரில் கென் பர்ன்ஸின் உள்நாட்டுப் போர்த் தொடர் ஐந்து இரவுகள் ஒளிபரப்பானபோது ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் பார்த்தார்கள். பழைய நிழற்படங்களின் மேல் மெதுவாக நகரும் காமிராவும் சிப்பாய்களின் கடிதங்களை வாசிக்கும் குரல்களும்தான் அதில் அதிகம். இந்த நிகழ்ச்சிகளை நிலைநிறுத்தியது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த பொது ஒளிபரப்புக் கழகம், அதற்கு வந்த அரசுப் பணம், கூடவே நேயர்கள் கட்டிய நன்கொடை. படம் முடிய மூன்று ஆண்டு ஆகும் என்றால் மூன்று ஆண்டும் சம்பளம் கிடைக்கும் ஏற்பாடு அது.

நம்மிடம் அதற்கு அருகில் வந்தது ‘சுரபி’ ஒன்றுதான். சித்தார்த் கக்கும் ரேணுகா ஷஹானேயும் நடத்திய, 1990இல் தொடங்கிய நிகழ்ச்சி. ஒரு வாரம் செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்கல் மாதிரியான கைவேலை, அடுத்த வாரம் லடாக்கின் இசை என்று அது சிறு சிறு துண்டுகளாக நாட்டைக் காட்டியது. கேள்விக்குப் பதிலாக வந்த அஞ்சலட்டைகள் ஒரே வாரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிய காலமும் இருந்தது. மலிவு அஞ்சலட்டை இந்தச் சுமையைத் தாங்காது என்று அஞ்சல் துறை போட்டிகளுக்கென்றே இரண்டு ரூபாய் அட்டை வெளியிட்டது. பார்ப்பவர் எழுதுவார், எழுதுவதைச் சாக்குப்பையில் அள்ளி வந்து திரையில் கொட்டுவார்கள். சந்தா கட்டாத ஒரு நேயர் கூட்டம் தன் இருப்பைத் தெரிவித்த விதம் அது.

தூர்தர்ஷன் எதைக் காட்டாது என்பதையும் இதே மும்பையில் தெரிந்துகொண்டோம். நடைபாதைவாசிகளின் குடிசைகள் இடிக்கப்படுவதை 1985இல் ‘ஹமாரா ஷஹர்’ படமாக்கிய ஆனந்த் பட்வர்தன், தன் படங்கள் பலவற்றைத் தொலைக்காட்சியில் காட்டவைக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அயோத்தி பற்றிய படம் 1992இல் முடிந்தது, ஒளிபரப்பானது 1997இல். அடுத்த படத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உத்தரவு வேண்டியிருந்தது. இன்று அவருடைய படங்களைப் பார்க்க நினைப்பவர் எந்த நிலையத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த விடுதலையின் மதிப்பை, அதற்காகப் படியேறியவர்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கேபிள்காரர் வந்தபின் வரலாறு ஒரு பொத்தான் தூரத்துக்கு வந்தது. டிஸ்கவரி 1995இல் இந்தியாவுக்கு வந்தது, நேஷனல் ஜியாகிரஃபிக் 1998இல். முதலில் ஆங்கிலம், பிறகு ஹிந்தி. 2011இல் டிஸ்கவரி தமிழிலும் பேசத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த ஹிஸ்டரி டிவி18க்கும் தமிழ்க் குரல் இருந்தது. வாஷிக்கும் நெருலுக்கும் இடையே குடியேறியிருந்த எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. முதல்முறையாக, யாரும் மொழிபெயர்த்துச் சொல்லாமல் வயதானவர்கள் ரோமாபுரியைப் பற்றியும் திமிங்கிலங்களைப் பற்றியும் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். டப்பிங் கலைஞர்களின் தமிழ் முதலில் கரடுமுரடாக இருந்தது, சில ஆண்டுகளில் பேச்சு மொழிக்கு இறங்கி இலகுவானது. ஃபிலிம்ஸ் டிவிஷன் தமிழோடு ஒப்பிட்டால் இது மனிதர் பேசும் தமிழ். என் பாட்டி அதைக் கேட்க இல்லை.

ஆனால் வரலாற்றுச் சேனலில் வரலாறு குறைந்துகொண்டே வந்தது. 1995 ஜனவரி முதல் தேதி அமெரிக்காவில் தொடங்கிய ஹிஸ்டரி சேனல், 2009இல் லாஸ் வேகாஸ் அடகுக்கடையைக் காட்டி வெற்றி கண்டது. பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகளோ என்று கேட்கும் தொடர் அதையொட்டி வந்து ஆண்டுக்கணக்கில் ஓடியது. அவை தமிழிலும் வந்தன. தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய பொறியியலைக் கல்வெட்டு ஆதாரத்தோடு விளக்க ஒரு மணி நேரம் கொடுக்காத அலைவரிசை, வானத்திலிருந்து யாரோ வந்து கட்டியிருக்கலாம் என்று சொல்ல நேரம் கொடுத்தது எனக்குக் கோபமூட்டியது, இப்போதும் மூட்டுகிறது. இந்தப் பழக்கம்தான் பின்னால் யூடியூபுக்கும் இறங்கியது. கீழடியைப் பற்றி அகழாய்வு அறிக்கையைப் படித்துவிட்டுப் பேசும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே லெமூரியாவைப் பற்றி ஆதாரமில்லாமல் கூவுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே அளவுப் படத்தோடு வருகின்றன. முன்பு அதிகாரி ஒருவர் வடிகட்டினார், பலமுறை தவறாக வடிகட்டினார். இப்போது அந்த வேலை முழுவதும் பார்ப்பவர் தலையில் விழுந்திருக்கிறது, பதினான்கு வயதுப் பிள்ளை உட்பட.

எல்லாமே கிடைக்கிறது என்பது பொய்யில்லை. பாரத் ஏக் கோஜை யூடியூபில் பார்க்கலாம். ஃபிலிம்ஸ் டிவிஷனின் பழைய படங்கள் பலவும் இணையத்தில் உள்ளன. பெட்டர் சாலை வளாகத்தின் குல்ஷன் மஹாலில் 2019 முதல் இந்திய சினிமா அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபிலிம்ஸ் டிவிஷன் என்ற நிறுவனம்தான் இல்லை. 2022 மார்ச்சில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு அது இணைக்கப்பட்டுவிட்டது. பெனகலும் 2024 டிசம்பரில் மறைந்தார்.

பொறுமையாக எடுக்கும் ஆட்களுக்குக் குறைவில்லை. முதுமலை தெப்பக்காடு முகாமின் யானைக்குட்டி ஒன்றைப் பற்றி கார்த்திகி கோன்சால்வ்ஸ் ஐந்து ஆண்டு செலவிட்டு எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’, தமிழ் பேசும் படம், 2023இல் ஆஸ்கர் வாங்கியது. நாற்பது நிமிடம்தான். அதைப் பார்க்கச் சந்தா வேண்டும். அப்படிப்பட்ட படத்தை 1988இன் ஒரு ஞாயிறு காலையில் காட்டியிருந்தால் தாராவி முழுவதும் அந்த யானைக்குட்டியைத் தெரிந்துவைத்திருக்கும். இன்று விருதுச் செய்தியைப் பார்த்தவர்கள் பலர், படத்தைப் பார்த்தவர்கள் அவர்களில் ஒரு பகுதி.

அமெரிக்காவிலும் அந்த நீண்ட ஏற்பாடு இப்போது ஆடிப்போயிருக்கிறது. 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதம் பொது ஒளிபரப்புக் கழகம் தன்னை மூடிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. 37 ஆண்டுகளாக நிலைத்து நின்ற ‘அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்’ புதிய படங்கள் எடுப்பதை நிறுத்தி, ஊழியர்களைக் குறைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கென் பர்ன்ஸும் கூட்டாளிகளும் பல ஆண்டு உழைத்து எடுத்த அமெரிக்கப் புரட்சி பற்றிய 12 மணி நேரத் தொடர் ஆறு இரவுகளில் ஒளிபரப்பானது. இனி அவ்வளவு நீளமாக ஒன்றைத் தொடங்க யார் பணம் தருவார்கள் என்பது அங்கேயும் பெரிய கேள்வியாகிவிட்டது.

நீளத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் நம் ஊர். தமிழ் டாகுமெண்டரி நீளத்தில்தான் பிறந்தது. ஏ.கே. செட்டியார் ஒரு தனிமனிதராக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940இல் மகாத்மா காந்தி பற்றிய படத்தைத் தமிழில் வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் பதிப்பு இன்று நம்மிடம் இல்லை. 1953இல் ஆங்கிலத்தில் சுருக்கப்பட்ட வடிவம்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் காப்பகத்திலிருந்து வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில் கிடைத்தது.

மும்பைத் தமிழரைப் பற்றி அப்படி ஒரு நீண்ட படம் இதுவரை இல்லை. துண்டுகள் உண்டு. தாராவியைப் பிரிட்டனின் சேனல் 4 2010இல் வந்து இரண்டு பகுதியாகப் படமெடுத்துப் போனது. வெளியூர்க்காரர் தாராவியை எடுக்கும்போது சாக்கடையும் மறுசுழற்சிப் பட்டறையும் வருகின்றன. 1887இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பெரிய மசூதியும் 1913இன் பிள்ளையார் கோவிலும் வருவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் கடிதங்கள் வருவதில்லை. 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் வகுப்பறைகள் வருவதில்லை. 1966இல், தென்னிந்தியர்களை எதிர்த்த ‘மார்மிக்’ இதழ், அலுவலகங்களில் வேலை பார்த்த அவர்களின் பெயர்களை டெலிபோன் டைரக்டரியிலிருந்து எடுத்து அச்சிட்டபோது, தன் பெயரை அதில் தேடிப்பார்த்த குமாஸ்தாக்கள் வருவதில்லை.

அந்தக் குமாஸ்தாக்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். சிலர் சான்பாடாவில் மகன் வீட்டில், மகள் வீட்டில் இருக்கிறார்கள். தாராவியிலோ மறுகட்டுமானத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. வீடு வீடாக எண் எழுதினார்கள், யார் எந்த ஆண்டு முதல் குடியிருக்கிறார்கள் என்று ஆவணம் கேட்டார்கள். இடிப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழு போயே ஆகிறது. அவர்களோடு ஒரு காமிராவும் தமிழ் தெரிந்த ஒருவரும் மூன்று ஆண்டு கூடவே நடக்க வேண்டும். கைபேசியே நல்ல படம் எடுக்கும் காலத்தில் கருவிக்குச் செலவில்லை. மூன்று ஆண்டுச் சம்பளமும், எடுத்ததைக் கெடாமல் வைக்க ஓர் இடமும்தான் வேண்டும். மும்பையின் தமிழ்ச் சங்கங்களும் கல்விச் சங்கங்களும் சேர்ந்தால் முடியாத தொகை இல்லை அது. அடுத்த பொதுக்குழுக்களில் இதை எழுப்பச் சிலரிடம் பேசியிருக்கிறேன், இன்னும் பலரிடம் பேசுவேன்.